இரண்டு மச்சான்மார், இரண்டு சன்னங்கள்

அவர் எங்கள் வார்டுக்கு வந்தது வயிற்று வலிக்காக. முழங்காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

நுவரெலியா மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். நோயாளியின் வயது, தோட்டம், இன்னும் சில அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அவரும் சரி, பின்னால் வரப்போகும் அவருடைய மச்சானும் சரி, எழுதச் சம்மதம் சொன்னவர்கள். "எழுதுங்க டொக்டர், ஆனா தோட்டத்துப் பேர மட்டும் போட்டுறாதீங்க" என்பதுதான் அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை.

வயது 56. முப்பது வருடம் தோட்டத்தில் கவ்வாத்து, கானு வெட்டு, முள்ளு குத்து என்று எல்லா வேலையும் பார்த்தவர். கடைசி இரண்டு வருடமாக மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏழு மாதமாகத் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும் வலி. நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் மலம் கழிக்கிறார். சோர்வு, தலைவலி. மனைவி இன்னொன்றும் சொன்னார்: "முந்தி இப்புடி இல்லீங்க. இப்ப சும்மா சும்மா எரிஞ்சு விழுறாரு." அதை யாரும் நோட்டில் எழுதவில்லை. மனைவிமார் சொல்வதை நாங்கள் அவ்வளவாக எழுதுவதில்லை.

ஹீமோகுளோபின் 8.1. மலையகத்தில் இரத்தம் குறைந்த ஆள் வந்தால் எங்கள் கை தானாகவே இரும்புச் சத்து மாத்திரை எழுதிவிடும். சாப்பாட்டோடு சாயத் தேத்தண்ணி, புழு, மரக்கறி குறைந்த சோறு என்று காரணம் எல்லாம் வாயில் தயாராக இருக்கும். இவருக்கும் அதுதான் நடந்தது. புழு மாத்திரை, இரும்பு மாத்திரை, வாய்வுக்கு ஒரு மருந்து. வயிற்றுக்குள் குழாய் விட்டும் பார்த்தாயிற்று, புண் எதுவும் இல்லை. மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் 8.0.

உண்மையில் முதல் மாதமே நின்று யோசித்திருக்க வேண்டும். சிவப்பணுக்கள் சிறுத்திருந்தன, எம்.சி.வி. 74. அதே ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் சரியான அளவில் இருந்தது, அதாவது உடம்பில் இரும்புக்குப் பஞ்சமில்லை. சரக்கு இருக்கிறது, ஆனால் ஆலை ஓடவில்லை. அந்த ரிப்போர்ட்டின் கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையது.

விழிக்க வைத்தது ஆய்வுகூடத்தில் இருக்கும் தொழில்நுட்பவியலாளர். மத்தியானம் போன் பண்ணினார். "டொக்டர், சிவப்பணுவுக்குள்ள நீலப் புள்ளி நெறையக் கிடக்கு. தலசீமியாவான்னு பாத்துருங்க." தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான பரிசோதனையில் ஒன்றுமில்லை. முதிர்ந்த சிவப்பணுவில் இருக்கக் கூடாத ஆர்.என்.ஏ. மிச்சங்கள்தான் அந்த நீலப் புள்ளிகள். அவற்றைத் துடைத்து அகற்றும் நொதியை ஈயம் முடக்கிவிடும். ஹீமோகுளோபினின் ஹீம் பகுதியை உடம்பு உண்டாக்கும் வழியிலும் இரண்டு இடத்தில் அது குறுக்கே உட்கார்ந்துகொள்ளும். வயிற்று முறுக்கு, மலச்சிக்கல், எரிச்சல், இரும்புக்கு அசையாத இரத்தசோகை, இப்போது நீலப் புள்ளி. மருத்துவக் கல்லூரியில் ஒரே பக்கத்தில் படித்தது. ஆளின் உடம்பில் அது ஏழு மாதமாகச் சிதறிக் கிடந்தது.

ஈறில் நீலக்கோடு தெரியும் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். நானும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். நாற்பது வருட வெற்றிலைக் காவியில் நீலக்கோட்டை எங்கே தேடுவது? வாயைக் கொப்பளிக்க வைத்து, பஞ்சால் துடைத்து, கீழ் முன்பல் ஓரத்தில் ஏதோ கருப்பாகத் தெரிந்ததாக எழுதி வைத்தேன். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன்.

இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினோம். விடை வந்தது: ஒரு டெசிலீற்றருக்கு 78 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

"ஈயமா? ரசம் வைக்கிறதா?"

தேடத் தொடங்கிய இடத்திலேயே தமிழ் எங்களைத் தடுக்கிவிட்டது. "வீட்டுல ஈயம் பொழங்குறீங்களா?" என்று கேட்டேன். மனைவிக்கு முகம் மலர்ந்தது. "எங்க அம்மாகிட்ட ஈயச் செம்பு இருந்துச்சுங்க, ரசம் அப்புடி மணக்கும்." அவர் சொன்னது வெள்ளீயம். பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுதான். நான் கேட்டது காரீயம். இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிடுகிறோம். ஒன்று ரசத்துக்கு ருசி, மற்றது நரம்புக்கு நஞ்சு. அதற்குப் பிறகு நான் "ஈயம்" என்று கேட்பதில்லை. பழைய பெட்டரி, வலைக் குண்டு, துவக்குச் சன்னம், பழைய பெயின்ட் என்று ஒவ்வொன்றாகப் பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன்.

நான் முதலில் சந்தேகப்பட்டது கசிப்பை. பழைய வாகன ரேடியேட்டரை வைத்து வடித்தால் அதன் பற்றாசிலிருக்கும் ஈயம் சாராயத்தில் இறங்கும். "விட்டு நாலு வருசமாச்சுங்க" என்றார். மனைவியும் தலையாட்டினார், அது பெரிய சாட்சி. நாட்டு மருந்து உண்டா என்றதற்கு, முழங்காலுக்குத் தடவும் எண்ணெய் மட்டும் என்றார். அந்த இடத்தில்தான் முழங்கால் முதன்முதலாகப் பேச்சில் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மனிதர் மெதுவாகச் சொன்னார்: "சொல்லிரு மச்சான்."

பதினெட்டு வருடத்துக்கு முந்திய கதை. தோட்ட எல்லையில் கூட்டாளிக்கு ஒரு துண்டு மரக்கறித் தோட்டம். கிழங்குக்குக் காட்டுப்பன்றி இறங்குகிறது என்று கூட்டாளி, கம்பி தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு வைத்திருந்தார். ஒரு நாள் இருட்டில் இவரே அந்தக் கம்பியில் கால் வைத்துவிட்டார். கட்டுத்துவக்கு சட்டவிரோதம். ஆசுபத்திரிக்குப் போனால் பொலிஸ் கேஸ், கூட்டாளி உள்ளே போவார். அதனால் விடிந்ததும் தோட்டத்து மருந்துச் சாலைக்கு நொண்டிக்கொண்டே போய், "கவ்வாத்துக் கட்டை குத்திருச்சு" என்று சொன்னார்.

மலையகத்தில் இதைவிட நம்பும்படியான பொய் கிடையாது. கவ்வாத்து முடிந்த தேயிலைச் செடி முழங்கால் உயரத்தில் சாய்வாக வெட்டுப்பட்டு ஈட்டி மாதிரி நிற்கும். சரிவில் கால் சறுக்கினால் அதுதான் குத்தும். மருந்துச் சாலையில் இருந்தவர் காயத்தைக் கழுவி, நாலு தையல் போட்டு, ஏற்பு ஊசி அடித்து அனுப்பினார். மரக்கட்டை குத்தியதற்கு யார் எக்ஸ்ரே எடுப்பார்கள்? மூன்று வாரத்தில் காயம் ஆறியது. துண்டு உள்ளேயே இருந்தது, அந்தப் பொய்யும் பதிவேட்டில் இருந்தது. பிறகு வந்த முழங்கால் வலியெல்லாம் "மலை ஏறி இறங்கின கால்" என்று பெயர் பெற்றது.

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். முழங்கால் சில்லுக்குப் பின்னால், மூட்டுக்குள்ளேயே, நசுங்கிய பட்டாணி மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அதைச் சுற்றியிருந்தது. மூட்டின் உள்சவ்வு முழுவதும் மெல்லிய வெள்ளைக் கோடாக, யாரோ கோலப்பொடியால் ஓரம் கட்டியதைப் போலத் தெரிந்தது. மூட்டுச் சவ்வு எக்ஸ்ரேயில் தெரியவே கூடாது. தெரிகிறது என்றால் அதில் உலோகம் படிந்திருக்கிறது. பதினெட்டு வருடமாக அந்தக் கட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மூட்டுக்குப் பூச்சு வேலை பார்த்திருக்கிறது.

தசையில் தூங்கும், மூட்டில் கரையும்

உடம்புக்குள் சன்னம் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும் என்று சனங்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் எடுக்கத் தேவையில்லை. தசைக்குள் கிடக்கும் ஈயத்தைச் சுற்றி உடம்பு ஒரு நார்ப்பை கட்டிக்கொள்ளும். இரத்த ஓட்டம் குறைந்த அந்தப் பைக்குள் அது வருடக்கணக்கில் தூங்கும். அதைத் தேடி வெட்டப் போனால் வெட்டுகிற கேடுதான் பெரிது.

மூட்டு அப்படியல்ல. அங்கே பை கட்ட இடமில்லை. மூட்டுத் திரவம் ஈயத்தை மெல்லக் கரைக்கும் தன்மையுள்ளது. அதோடு ஒவ்வோர் அடிக்கும் இரண்டு எலும்பும் சேர்ந்து அந்தத் துண்டை அம்மியில் வைத்த மாதிரி அரைக்கும். அரைபட்ட தூளைச் சவ்வு உறிஞ்சும், சவ்விலிருந்து இரத்தத்துக்குப் போகும். முள்ளந்தண்டு வட்டுக்குள் சிக்கிய சன்னமும், எலும்பு உடைந்த இடத்தில் தூளாய்ச் சிதறியதும் இதே ரகம். நஞ்சு ஏறச் சிலருக்குச் சில மாதம் போதும், சிலருக்குப் பல பத்து வருடம் ஆகும்.

இரத்தத்துக்கு வரும் ஈயம் அங்கே நிற்பதில்லை. இரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், ஒரு மாதம் சொச்சம்தான். வளர்ந்த ஆளின் உடம்பில் இருக்கும் ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில் போய்க் குந்திக்கொள்ளும். அங்கே அதற்கு அரை ஆயுள் பத்து, இருபது வருடம்.

ஏன் பதினாறு வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏறியது? என் ஊகம் மரக்கறி மூட்டை. ஐம்பது கிலோ லீக்ஸையோ கிழங்கையோ முதுகில் வைத்துப் படி ஏறும்போது முழங்காலுக்குள் அரைப்பு பல மடங்காகும். கவ்வாத்துக்காரர் கையால் உழைக்கிறார், மூட்டைக்காரர் முழங்காலால் உழைக்கிறார். தேதிகளும் பொருந்துகின்றன. ஆனாலும் இதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

மச்சான் கேட்ட கேள்வி

எல்லாவற்றையும் விளக்கி முடித்தபோது மச்சான், அதாவது நோயாளியின் தங்கை புருஷன், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "டொக்டர் ஐயா, எனக்கும்தான் முப்பது வருசத்துக்கு மேல தொடைக்குள்ள சன்னம் கெடக்கு. எனக்கு ஒண்ணுமில்லையே? இவனுக்கு மட்டும் எப்புடி?"

நியாயமான கேள்வி. அவருடைய குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வவுனியாப் பக்கம் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. தொண்ணூறுகளில் இரண்டு தரப்பும் சுட்டுக்கொண்டதற்கு நடுவில் அகப்பட்டார். எடுக்காமல் விட்ட சன்னத்தோடு பின்னால் மலைக்கே திரும்பி வந்தார். அவரையும் எக்ஸ்ரேக்கு அனுப்பினேன். சரியாகச் சொன்னால் அதற்கு மருத்துவக் காரணம் இல்லை. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை, அவருக்கும்.

படத்தில் தொடைத் தசைக்குள், எலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, சுமார் இரண்டரை சென்ரிமீற்றர் நீளத்தில் கூர் மூக்கோடு ஒரு சன்னம். நுனி மட்டும் லேசாக வளைந்திருந்தது. சுற்றிவரத் தூள் இல்லை, கோலப்பொடி இல்லை. புதிதாக உள்ளே வைத்தது போல இருந்தது. இரத்த ஈயம் 4.

வடிவத்தையும் அவர் சொன்ன காலத்தையும் வைத்துப் பார்த்தால் அது டி-56 ரக துவக்குகளின் 7.62க்கு 39 மில்லிமீற்றர் ரகச் சன்னம். அதை வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கு இருக்கும். வெளியே செம்புக் கலவை பூசிய மெல்லிய உருக்கு உறை. நடுவில் உருக்குத் தண்டு. இரண்டுக்கும் இடையில் மெல்லிய படலமாகக் கொஞ்சம் ஈயம். எட்டுக் கிராமுக்குச் சற்றுக் குறைவான அந்தச் சன்னத்தில் ஈயம் சிறு பங்குதான், அதுவும் மூடிய பெட்டிக்குள். நோயாளியின் முழங்காலில் கிடந்ததோ முழுக்க முழுக்க அம்மண ஈயம்.

எனவே மச்சானுக்கு உறை காவல், இவருக்குக் காவல் இல்லை என்று சொல்லி முடித்துவிடலாம். முடிக்கவும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் வித்தியாசம் ஒன்றல்ல, இரண்டு. ஒருவருக்கு உறையும் இருந்தது, தசையும் இருந்தது. மற்றவருக்கு உறையும் இல்லை, கிடந்த இடமும் மூட்டு. இடம் மாறியிருந்தால் கதையும் மாறியிருக்கலாம். அம்மண ஈயம் தசைக்குள் வருடக்கணக்கில் சும்மா கிடப்பதும் உண்டு. உறையிட்ட சன்னம் எலும்பில் பட்டு உடைந்து மூட்டுக்குள் கொட்டினால் உறை வெறும் கிழிந்த சட்டை. என்னைக் கேட்டால் இடம் முதல் காரணம், உறை இரண்டாவது. மச்சானிடம் அப்படித்தான் சொன்னேன். "அப்ப எனக்கு ரெட்டை அதிர்ஷ்டம்" என்றார்.

உறை யாருக்காக வந்தது

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். உறை என்பது சுடப்பட்டவரின் உடம்பு நன்மைக்காக வந்த பொருள் அல்ல. அது துவக்குக் குழலின் நன்மைக்காக வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சன்னம் என்றால் வார்த்த ஈயம்தான். நுவரெலியாவில் கல்லறை இருக்கும் மேஜர் ரொஜர்ஸ், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் சாகும் வரை ஆயிரத்து நானூறுக்கு மேல் யானைகளைக் கொன்றதாகச் சொல்வார்கள். அத்தனையும் அம்மண ஈயத்தால். கருமருந்து தள்ளும் வேகத்துக்கு ஈயம் தாங்கும். ஆனால் வரி வெட்டிய குழலில் இழுபடாமல் இருக்க அதற்குக் கொழுப்பு தடவ வேண்டும். 1857இல் இந்தியச் சிப்பாய்கள் வாயால் கடித்துக் கிழிக்க மறுத்த தோட்டாவில் இருந்த கொழுப்பின் வேலையும் அதுதான். ஒரு பேரரசை ஆட்டிய கொழுப்பு, ஈயம் மென்மையானது என்பதால் வந்த கொழுப்பு.

1880களில் புகையில்லா வெடிமருந்து வந்ததும் வேகம் கூடியது. அந்த வேகத்தில் வெறும் ஈயம் குழல் வரிகளில் தேய்ந்து அப்பிக்கொண்டது, குறியும் கெட்டது. சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின் 1882இலேயே ஈயத்துக்குச் செம்புச் சட்டை போட்டிருந்தார். இன்றைய இராணுவச் சன்னம் எல்லாம் அந்த வம்சம். மச்சானின் தொடைக்குள் கிடப்பது குழலை விட்டு நொடிக்கு எழுநூறு மீற்றர் வேகத்தில் கிளம்பிய பொருள். சட்டை இல்லாமல் அந்த வேகத்துக்குப் போக முடியாது.

கட்டுத்துவக்குக்கு இந்தக் கவலை ஒன்றுமில்லை. வரி இல்லாத குழாய், குறைந்த வேகம், கிடைத்த ஈயம். சட்டை போட வேண்டிய அவசியமே அதற்கு வந்ததில்லை. அதனால்தான் எங்கள் ஊர் முழங்கால்களில் அம்மண ஈயம்.

சட்டையில்லாத ஈயத்தை விரும்பியே சுடுபவர்களும் உலகில் உண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளில் சட்டப்படி துவக்கு வைத்திருப்பவர்கள், சுட்டு முடிந்த வெற்றுக் கோதுகளைச் சேர்த்து, தாங்களே சன்னம் வார்த்து, மறுபடி அடைத்துக்கொள்கிறார்கள். செலவு குறையும், குழலும் அவ்வளவாகத் தேயாது. அது ஒரு நுணுக்கமான கைத்தொழில். வெறும் காரீயம், கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் சுமார் 5, நகத்தால் கீறலாம். வெள்ளீயமும் அந்திமனி என்ற உலோகமும் சேர்த்தால் 15, 20 என்று இறுகும். பழைய அச்சுக்கூடங்களின் லைனோடைப் உலோகத்துக்கு அவர்களிடம் தனி மதிப்பு. அதில் அந்திமனி 12 வீதம், வெள்ளீயம் 4 வீதம், மிச்சம் ஈயம். சன்னத்தின் அளவு குழலின் உள் வரியைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் சூடான வாயு ஓரத்தால் பாய்ந்து ஈயத்தை உருக்கிக் குழலுக்குப் பூசிவிடும்.

இதில் எனக்கு வேலை இருக்கும் இடம் அவர்களுடைய இரத்தம். உருக்கும்போது எழும் ஆவியால்தான் நஞ்சு ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈயம் உருகுவது 327 பாகையில், கொதிப்பது 1,749இல். சட்டியில் இருக்கும் சூட்டில் ஆவி மிகக் குறைவு. ஆபத்து தூளில் இருக்கிறது. மேலே படியும் சாம்பல் நிற ஆடை, அதை வழித்த கரண்டி, வழித்த கையால் தொட்ட பிஸ்கட். அதைவிட மோசம், சுட்ட கோதுகளைக் காய்ந்த உமியில் போட்டு உருட்டிச் சுத்தம் செய்யும்போது கிளம்பும் தூசி. தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பொட்டிலேயே பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. அது வெடித்த கரி அந்தத் தூசியில் கலக்கும். மூடிய அறைக்குள் சுடுபவர்களுக்கு உறையிட்ட சன்னம் பாவித்தாலும் இரத்த ஈயம் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பல உறைச் சன்னங்களின் அடிப்பக்கம் திறந்தே இருப்பது இன்னொரு காரணம். சட்டை போட்டிருக்கிறது, கால்சட்டை இல்லை.

எடுத்த விதம்

78, கூடவே வயிற்று முறுக்கும் இரத்தசோகையும். மருந்து கொடுத்தே ஆக வேண்டும், துண்டையும் எடுத்தே ஆக வேண்டும். எது முதலில் என்பதுதான் பேச்சு. முழங்காலைத் திறந்து கிளறினால் படிந்திருக்கும் ஈயம் திடீரென்று இரத்தத்தில் கலக்கலாம். அதனால் ஈயத்தைப் பிடித்து சிறுநீரில் இறக்கும் டி.எம்.எஸ்.ஏ. மாத்திரையை முதலில் தொடங்கினோம். அது எங்கள் களஞ்சியத்தில் இல்லை. வரவழைக்க ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அவர் வார்டில் முறுக்கிப் படுத்திருந்ததைப் பார்க்கவே ஈயத்தைக் காய்ச்சி வயிற்றில் ஊற்றியது மாதிரி இருந்தது. பழமொழியாகச் சொல்லவில்லை, கிட்டத்தட்ட அதுதான் நடந்திருந்தது.

இளைய டொக்டர்மாருக்கு இடையில் ஒரு வார்த்தை. ஈயத்தைப் பிடிக்கும் இன்னொரு மருந்தான எடிடிஏ ஊசியில் கல்சியம் சேர்ந்தது ஒன்று, சேராதது ஒன்று. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். சேராததை ஏற்றினால் இரத்தத்துக் கல்சியத்தை உறிஞ்சி இதயத்தை நிறுத்திவிடும். போத்தலை இரண்டு பேர் வாசியுங்கள்.

இரத்த ஈயம் 40க்குக் கீழே வந்ததும் பெரிய ஆசுபத்திரியில் எலும்பு வைத்திய நிபுணர் முழங்காலைத் திறந்தார். நானும் போயிருந்தேன். வெளுப்பாக, வழுவழுப்பாக இருக்க வேண்டிய மூட்டுச் சவ்வு மை தடவிய மாதிரி கருஞ்சாம்பல் நிறம். அதை முடிந்த மட்டும் சீவி எடுத்தார்கள். கடைசியில் துண்டு வந்தது. தட்டில் விழுந்தபோது "டிங்" என்று சத்தம் வரவில்லை, "தொப்" என்று மந்தமாக விழுந்தது. ஒரு பக்கம் தட்டையாகி, மறுபக்கம் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் வார்ப்பு அச்சின் தழும்பு ஒரு மயிரிழையாக மிச்சமிருந்தது. கையுறை விரலின் நகத்தால் லேசாக அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழுந்தது. அந்திமனி கிந்திமனி ஒன்றும் இல்லை, சுத்தக் காரீயம். 4.6 கிராம். போன பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

துண்டைப் பொட்டலம் கட்டி முத்திரை வைத்துச் சட்ட வைத்திய அதிகாரியிடம் கொடுத்தோம். பொலிஸ் வந்து வாக்குமூலம் வாங்கியது. பதினெட்டு வருடமாக அவர் எதற்குப் பயந்தாரோ அது இருபது நிமிடத்தில் முடிந்தது.

மாத்திரை நிறுத்தியபோது ஈயம் 22. இரண்டு வாரத்தில் 37. குடும்பம் பதறிப்போனது, "எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னீங்களே?" முழங்காலிலிருந்து எடுத்தாயிற்று, எலும்பிலிருந்து எடுக்கவில்லை. எலும்பு தன் இருப்பை இரத்தத்துக்குத் திறந்துவிடும் நேரம் அது. இன்னொரு சுற்று மாத்திரை கொடுத்தோம். ஆறு மாதத்தில் 18, ஹீமோகுளோபின் 11.7. வயிற்று முறுக்கு முதல் சுற்றிலேயே போய்விட்டது. முழங்கால் வலி பாதிதான் குறைந்தது, தேய்ந்த குருத்தெலும்பு திரும்பி வராது. மூட்டை தூக்கும் வேலையை விட்டுவிட்டார். அதனால் வீட்டில் வருமானம் குறைந்தது, அதற்கு என்னிடம் மாத்திரை இல்லை.

கூட்டாளியின் அடுப்பு

துவக்கு வைத்த கூட்டாளி இப்போது துவக்கு வைப்பதில்லை. ஆனால் ஈயத்தை விடவில்லை. நீர்த்தேக்கத்தில் வலை போடுபவர்களுக்கு வலைக் குண்டு வார்த்துக் கொடுக்கிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். சட்டவிரோதமான வேலை அல்ல, அவரும் மறைக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தே காட்டினார்.

லயத்துக் கோடியில் விறகடுப்பு. டின்பால் டப்பாவில் ஈயம் பளபளவென்று உருகி நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் அதன் மேல் பாலாடை மாதிரி ஒரு சாம்பல் தோல். பழைய மேசைக்கரண்டியால் அதை வழித்துச் சுவரோரம் தட்டுகிறார். தட்டியது காய்ந்து மாவாகக் கிடக்கிறது. மருமகள் அதே இடத்தைத் தும்புத்தடியால் கூட்டுகிறாள், தூசி எழும்பி வாசல் வெயிலில் மினுங்குகிறது. மூன்று வயதுப் பேத்தி அந்த வாசலில்தான் மண் சோறு ஆக்கி விளையாடுகிறாள்.

கூட்டாளியின் இரத்தத்தில் 26. பேத்திக்கு 14. பிள்ளைகளுக்கு 45 வந்தால்தான் மாத்திரை. அதற்குக் கீழே மருந்து ஒன்றே ஒன்று, ஈயத்தை அவளிடமிருந்து தூரமாக்குவது. அடுப்பை லயத்துக்குக் கீழே கானுக்கு அப்பால் மாற்றச் சொன்னோம். கூட்டக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வழித்த ஆடையை மூடியுள்ள டின்னில் போட வேண்டும். உருக்கும்போது போட்டிருந்த சட்டையோடு வீட்டுக்குள் வரக் கூடாது. ஈர ஈயத்தைச் சட்டியில் போடக் கூடாது என்பதை மட்டும் அவர் எங்களுக்குச் சொல்லித் தந்தார்: "ஒரு சொட்டுத் தண்ணி போதும் ஐயா, வெடிச்சு மூஞ்சில அடிச்சிரும்." முன்கையில் தழும்புகளைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியும் ஆபத்தை அவர் அத்தனை கவனமாகத் தெரிந்து வைத்திருந்தார். பழைய பெட்டரித் தகடுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் உருக்காதீர்கள் என்று நாங்கள் கெஞ்சினோம், அதில் அமிலமும் வேறு நச்சு உலோகங்களும் இருக்கின்றன. சரி என்றார். மூன்று மாதத்தில் பேத்திக்கு 9 ஆகியிருக்கிறது.

மச்சானைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். போன மாதம் இடுப்பு வலி என்று வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தொடையில் சன்னம் இருப்பதை அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் நினைவு வந்து, சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். காரீயத்தைக் காந்தம் இழுக்காது. முழங்கால் துண்டோடு அவர் மச்சான் அந்த மெஷினுக்குள் போயிருந்தால் படம் கெட்டிருக்குமே தவிர துண்டு அசைந்திருக்காது. இவர் தொடையில் இருப்பது உருக்குத் தண்டு. முப்பது வருடம் அவரை ஈயத்திடமிருந்து காத்த அதே சட்டையும் தண்டும் அங்கே எதிரியாகிவிடும். சீட்டை மாற்றி சி.டி. எழுதிக் கொடுத்தேன். அவருடைய கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் பெரிதாக எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சிறு அட்டையும் செய்து பேர்ஸில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்: "இடது தொடையில் உருக்குச் சன்னம். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம்."